‘ஒரு வாரம் தள்ளிப் போடட்டுமா?’ - குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு கையேடு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி பத்தரை மணி. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தி ஓர் ஆடியோவை ஃபார்வேர்டு செய்திருந்தார். ‘ஒன்பதாம் மாசம் போடுற அம்மை ஊசியைப் போட்டா குழந்தைக்குப் பேச்சே வராது. உங்களுக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்புங்க’ என்று ஒருவர் படபடப்பாகப் பேசுகிறார். அவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் பேசியது... எதுவும் அதில் இல்லை.

அஞ்சு நிமிஷத்தில் அக்காவிடமிருந்து போன்.

“ஏண்டி, நாளைக்குத்தான் பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி. நீ பத்திரிகையில இருக்கியே, இது உண்மையா? ஒரு வாரம் தள்ளிப் போடட்டுமா?”

அக்கா தடுப்பூசிக்கு எதிரி இல்லை. பிறந்த அன்று போட்டதில் ஆரம்பித்து எல்லா ஊசியையும் தேதி தவறாமல் போட்டவள்தான். ஆனால், மூன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி பாப்பா காய்ச்சலில் விடிய விடிய அழுதது அவள் மனசை விட்டுப் போகவே இல்லை. அந்த பயத்தின் மேல் இந்த ஆடியோவும் வந்து உட்கார்ந்துகொண்டது. “வேணாம்னு சொல்லலடி... பயமா இருக்கு, அவ்ளோதான்” என்றாள்.

தடுப்பூசியே வேண்டாம் என்பவர்கள் நம் ஊரில் குறைவு. அக்காவைப் போல, ‘இந்த வாரம் வேணாமே, சளி இருக்கு, ஊருக்குப் போறோம், மாமியார் யோசிக்கச் சொல்றாங்க’ என்று தள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. அன்று ராத்திரி நான் அக்காவிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அட்டையில் இருக்கும் பெயர்களுக்கு என்ன அர்த்தம்?

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தடுப்பூசி அட்டையைப் பெரும்பாலானோர் தேதி பார்க்க மட்டும்தான் எடுக்கிறோம். அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு நோய் இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முழுக்க இலவசமாகப் போடப்படுபவை இவை:

* பிறந்தவுடன்: பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி (இதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்).
* ஒன்றரை மாதம் (6 வாரம்): பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, போலியோ ஊசி, ரோட்டா வைரஸ் மருந்து, நிமோகாக்கல் ஊசி.
* இரண்டரை மாதம் (10 வாரம்): பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா.
* மூன்றரை மாதம் (14 வாரம்): பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, போலியோ ஊசி, ரோட்டா, நிமோகாக்கல்.
* 9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை - ரூபெல்லா (எம்.ஆர்.) முதல் டோஸ், நிமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசி. கூடவே வைட்டமின் ஏ. குறிப்பிட்ட சில மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு.
* 16 முதல் 24 மாதம்: எம்.ஆர். இரண்டாம் டோஸ், முத்தடுப்பு ஊசி பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர்.
* 5-6 வயது: முத்தடுப்பு ஊசி இரண்டாம் பூஸ்டர்.
* 10 வயது, 16 வயது: ரணஜன்னி - டிப்தீரியா (டி.டி.) ஊசி.

‘பென்டா’ என்றால் ஐந்து. தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா, கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ‘ஹிப்’ கிருமி என ஐந்துக்கும் ஒரே ஊசி. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் இதை அரசுத் திட்டத்தில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான்.

நம் ஊருக்குத் தடுப்பூசியில் பெரிய வரலாறே உண்டு. 1899-ல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரானது. காசநோய்க்கான பி.சி.ஜி. ஆய்வகம் 1948-ல் அதே கிண்டியில் தொடங்கியது. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. குழந்தைகளுக்கு இன்று கொடுக்கும் இந்தியத் தயாரிப்பு ரோட்டா மருந்தின் பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்காற்றிய அப்போது வேலூர் சி.எம்.சி. பேராசிரியராக இருந்த ககன்தீப் காங்தான், லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி.

ஊசி உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், உடம்புக்கு ஒரு ‘மாடல் எக்ஸாம்’ வைக்கிறது.

கிருமி முதல்முறை உள்ளே வரும்போது, அதை அடையாளம் கண்டு எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்ய உடம்புக்குச் சில நாள்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நோய் ஜெயித்துவிடுகிறது. தடுப்பூசியில் இருப்பது வலு குறைக்கப்பட்ட கிருமி, அல்லது செத்த கிருமி, அல்லது கிருமியின் ஒரு சின்னத் துண்டு. அதைப் பார்த்தே உடம்பு பாடம் படித்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. நிஜக் கிருமி வரும்போது, படை தயாராக இருக்கும்.

‘அதுக்கு ஏன் மூணு தடவை?’ என்று கேட்பீர்கள். ஒருமுறை படித்தது சீக்கிரம் மறந்துபோகும். திரும்பத் திரும்பப் படித்தால் நிற்கும். பூஸ்டரின் வேலை அந்த ரிவிஷன்தான்.

‘பிறந்த குழந்தைக்கு எதுக்கு இவ்ளோ அவசரம்?’ என்பது பாட்டிகள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். சில நோய்கள் சின்னக் குழந்தையைத்தான் குறிவைத்து அடிக்கின்றன. கக்குவான் இருமல் முதல் சில மாதங்களில் வந்தால், குழந்தையின் மூச்சே நின்றுபோகலாம். ஹெபடைடிஸ் பி கிருமி பெரியவர்களுக்குத் தொற்றினால், பெரும்பாலானோர் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றினால், 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். பல வருஷங்கள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ, கல்லீரல் புற்றுநோயாகவோ வெளியே வரும். அந்த 24 மணி நேரக் கணக்குக்கு இதுதான் காரணம்.

அப்படியானால், தட்டம்மைக்கு மட்டும் ஏன் 9 மாதம் வரை காத்திருக்கிறோம்? அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி முதல் சில மாதங்கள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால், ஊசியின் வேலையை அது கெடுத்துவிடும். ஏறக்குறைய ஒன்பதாவது மாதத்தில் அது கரைந்துவிடுகிறது. அதாவது, அம்மா கொடுத்த பாதுகாப்பு முடியும் நேரத்தில்தான் ஊசி வருகிறது. அதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு வாரமும், குழந்தைக்கு இரண்டு பாதுகாப்பும் இல்லாத வாரம்.

‘இப்போதான் அந்த நோயெல்லாம் இல்லையே?’

நம் தலைமுறை போலியோவைப் பார்த்ததில்லை. காலில் கேலிப்பர் மாட்டி நடந்த பெரியப்பாவையோ, எதிர்வீட்டு அண்ணனையோ பார்த்திருப்போம், அவ்வளவுதான். 2009-ல்கூட இந்தியாவில் 741 குழந்தைகளுக்கு போலியோ வந்தது. அந்த வருஷம் உலகத்தில் பதிவான மொத்த போலியோவில் கிட்டத்தட்டப் பாதி நம் நாட்டில்தான். கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்றளித்தது. பஸ் ஸ்டாண்டிலும் டோல்கேட்டிலும் நின்று சொட்டு மருந்து கொடுத்தவர்களின் உழைப்பு அது.

நோய் இல்லாமல் போனது ஊசியால்தான். ஊசி குறைந்தால், நோய் திரும்பி வர ரொம்ப நாள் ஆகாது.

* பக்கத்து மாநிலமான கேரளாவின் மலப்புரத்தில், 2016-ல் டிப்தீரியா திரும்ப வந்து உயிர்களைப் பறித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஊசி போடாதவர்கள் அல்லது அரைகுறையாகப் போட்டவர்கள்.
* கொரோனா காலத்தில் பல குழந்தைகளுக்கு வழக்கமான ஊசிகள் தவறிப்போயின. 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி போன்ற நெரிசலான பகுதிகளில் தட்டம்மை பரவி, குழந்தைகள் இறந்தார்கள்.
* அமெரிக்காவில் தட்டம்மை ஒழிந்துவிட்டதாக 2000-ல் அறிவித்தார்கள். 2025-ல் டெக்சாஸ் மாநிலத்தில் 700-க்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. ஊசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள்.

தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும், இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் மத்தியில், ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை பரவும். நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகும். அதுமட்டுமல்ல, உடம்பு முன்னால் படித்து வைத்திருந்த மற்ற நோய்களின் ஞாபகத்தையும் அழித்துவிடும். தட்டம்மையிலிருந்து பிழைத்த குழந்தை, அடுத்தடுத்து வேறு நோய்களில் படுப்பது இதனால்தான். 2023-ல் மட்டும் உலகம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஒரு ஊரில் 100-ல் 95 பேருக்கு எதிர்ப்பு சக்தி இருந்தால்தான் தட்டம்மை பரவ வழியில்லாமல் நிற்கும். ஊசி போடும் வயசு வராத பச்சைக் குழந்தை, கீமோதெரபி எடுக்கும் குழந்தை... இவர்களால் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. இவர்களுக்குக் காவல் நம் வீட்டுக் குழந்தைகள் போட்டுக்கொள்ளும் ஊசிதான். ரூபெல்லாவும் அப்படித்தான். குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு. அதே குழந்தையிடமிருந்து ஆரம்ப மாதக் கர்ப்பிணிக்குத் தொற்றினால், வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இதயக் கோளாறு, கண்புரை, காது கேளாமை வரலாம். ‘பையனுக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி?’ என்ற கேள்விக்கு பதில் இதுதான்.

‘ஊசி போட்டா ஆட்டிசம் வரும்’ - இது எங்கே ஆரம்பித்தது?

சித்தி அனுப்பிய ஆடியோவின் பூர்வீகம் லண்டன். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவரும் சிலரும், ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. ஆய்வு செய்யப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 12 பேர்.

பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் அதைத் தோண்டினார். தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்கு போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து வேக்ஃபீல்டு பணம் வாங்கியது வெளியே வந்தது. குழந்தைகளின் மருத்துவ விவரங்கள் கட்டுரையில் மாற்றி எழுதப்பட்டிருந்ததும் தெரிந்தது. 2010-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் வேக்ஃபீல்டு பிரிட்டன் மருத்துவர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள். 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வில் மட்டும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இரு தரப்பிலும் ஆட்டிசம் வரும் வாய்ப்பில் வித்தியாசமே இல்லை.

அப்போ பெற்றோர் சொல்வது பொய்யா? இல்லை. குழந்தை கண்ணைப் பார்க்கவில்லை, பேச்சு வரவில்லை என்பதெல்லாம் வீட்டில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில். எம்.ஆர். ஊசி போடுவதும் அந்த வயசை ஒட்டித்தான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், ஒன்றால் இன்னொன்று வந்தது போலத் தோன்றுகிறது. அந்தப் பெற்றோரின் வலி நிஜம். காரணம்தான் வேறு.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு எம்.ஆர். ஊசி முகாம் நடந்தது. அப்போதும் இதே வதந்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. பயந்துபோய், முகாம் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. வருஷம் மாறினாலும் ஆடியோ மட்டும் மாறவே இல்லை.

நிஜமாகவே தப்பு நடந்தால்?

‘எல்லாமே வதந்தி’ என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மை இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. அதன் பிறகு, கிராமங்களுக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-ல் தமிழ்நாட்டில் முழுமையாக ஊசி போட்ட குழந்தைகள் 100-க்கு 81 பேர். 2015-16-ல் அது 70 ஆகக் குறைந்தது. பயம், தூரம் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். 2019-21 ஆய்வில் 89 ஆக ஏறியிருக்கிறது. விட்டதைப் பிடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த மாதிரி ஒரு தப்புக்குப் பிறகு ஊசியையே கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சமோவா ஓர் உதாரணம். பசிபிக் கடலில் இரண்டு லட்சம் பேர் வசிக்கும் சின்னத் தீவு நாடு. 2018 ஜூலையில் அங்கே அம்மை ஊசி மருந்துப் பொடியைக் கரைக்க வேண்டிய திரவத்துக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை நர்ஸ்கள் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தவறு மருந்து கலந்த கைகளில் இருந்தது, தடுப்பூசியில் இல்லை. ஆனாலும் அரசு பல மாதங்களுக்கு ஊசித் திட்டத்தை நிறுத்தியது. மக்களும் நம்பிக்கை இழந்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்குச் சரிந்தது.

2019-ல் தட்டம்மை அங்கே வந்து இறங்கியது. 5,700-க்கும் அதிகமானோருக்கு நோய். 83 பேர் மரணம், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அந்த டிசம்பரில் அரசு இரண்டு நாள்களுக்கு நாட்டையே மூடியது. ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

இரண்டு மரணங்களும் பெரிய கொடுமைதான். அந்த பயத்தில் வந்த முடிவு, 83 உயிரைக் கொண்டுபோனது அதைவிடக் கொடுமை.

வேப்பிலையும் வேணும், ஊசியும் வேணும்

சிவப்புத் துணி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது நம் வீட்டு வாசல் வேப்பிலைதான். ‘அம்மா வந்திருக்கா’ என்று வாசலில் வேப்பிலை சொருகுவது, வெளியாள்களை உள்ளே விடாதது, குழந்தையைத் தனியாகப் படுக்க வைப்பது... நோய் பரவாமல் இருக்க நம் பாட்டிகள் வைத்திருந்த நல்ல ஏற்பாடு அது. அந்த நம்பிக்கைக்கும் ஊசிக்கும் சண்டையே இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே ஊர்கள்தான் பெரியம்மை ஊசியும் போட்டுக்கொண்டன. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-ல். 1980-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். உங்கள் தாத்தா, பாட்டியின் கையில் இருக்கும் வட்டத் தழும்பைக் கேட்டுப் பாருங்கள், கதை சொல்வார்கள்.

எது சகஜம், எதுக்கு டாக்டர்கிட்ட ஓடணும்?

சகஜமானவை:

* பென்டா ஊசி போட்ட அன்றோ, மறுநாளோ காய்ச்சல், அழுகை, தொடையில் வீக்கம், சின்னக் கட்டி. பெரும்பாலும் இரண்டு நாள்களில் சரியாகிவிடும்.
* எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் அன்று வராமல், ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரலாம். கூடவே லேசான தடிப்பும் வரலாம். இது தெரியாததால்தான் பலர் பதறுகிறார்கள்.
* பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்கள் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். அதில் எந்த மருந்தும் தடவ வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்? ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ, எண்ணெய், மஞ்சள் பத்துப் போடவோ வேண்டாம். சுத்தமான ஈரத்துணியை மேலே வைத்தால் போதும். தாய்ப்பால் கொடுங்கள், ஊசி போடும்போதே கொடுத்தால் குழந்தைக்கு வலி குறையும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சொட்டு மருந்தை, குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு கேட்டுக் கொடுங்கள். போன தடவை கொடுத்த அளவையே இந்தத் தடவையும் கொடுக்க வேண்டாம், எடை ஏறியிருக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: மூச்சுத்திணறல், முகம் வீங்குவது, உடம்பெல்லாம் திடீர் தடிப்பு, வலிப்பு, துவண்டு போவது, மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, இரண்டு நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல்.

கடுமையான அலர்ஜி மிக மிக அபூர்வம். 10 லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கு. வந்தால், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். ‘ஆபீஸுக்கு லேட்டாகுது’ என்று கிளம்பிவிடாதீர்கள்.

தள்ளிப் போடலாமா, கூடாதா?

லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்கு, பல் முளைப்பது... இதற்கெல்லாம் தள்ளிப் போட வேண்டியதில்லை. குறைப்பிரசவக் குழந்தைக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. கடும் காய்ச்சலோ, அட்மிட் செய்யும் அளவுக்கு உடம்பு முடியாமலோ இருந்தால் தள்ளிப் போடலாம். முன்னால் போட்ட டோஸுக்குக் கடும் அலர்ஜி வந்திருந்தாலோ, குழந்தைக்கு எதிர்ப்பு சக்திக் குறைபாடு இருந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டோஸ் தவறிவிட்டதா? குற்ற உணர்ச்சியில் ஒளிய வேண்டாம். முதலிலிருந்து ஆரம்பிக்கவும் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எம்.ஆர். ஊசியை 5 வயது வரைகூட அரசு மையங்களில் போடுவார்கள். பி.சி.ஜி. ஒரு வயது வரை. அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள்; கர்ப்ப காலத்தில் பதிந்த எண்ணை வைத்துப் பார்க்க முடியும்.

அரசா, பிரைவேட்டா?

அரசு ஊசி மட்டமானது என்று நினைக்க வேண்டாம். அரசுத் திட்டத்தில் வருவதும் தரப் பரிசோதனை முடித்த ஊசிதான். பிரைவேட்டில் ‘பெயின்லெஸ்’ என்று போடும் ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதி வேறு வகை. காய்ச்சல், வலி குறைவு என்பது உண்மை. ஆனால், அதன் பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரமே குறைகிறது என்பதும் உண்மை. ரெண்டு ராத்திரித் தூக்கமா, காசா என்பது உங்கள் முடிவு. காசு இல்லாததால் குழந்தைக்கு ஏதோ குறை வைக்கிறோம் என்று மட்டும் வருந்தாதீர்கள். டைபாய்டு, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, ஹெபடைடிஸ் ஏ போன்ற ஊசிகள் மேலே சொன்ன அரசுப் பட்டியலில் இல்லை. வசதி இருந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுப் போடலாம்.

எங்கே போட்டாலும் நீங்கள் இவற்றைக் கேட்கலாம், பார்க்கலாம்:

* என்ன ஊசி, எதற்கு, என்ன பக்க விளைவு, அடுத்து எப்போ? இந்த நான்குக்கும் பதில் சொல்வது நர்ஸின் கடமை.
* சிரிஞ்சை உங்கள் முன்னால் புதிதாகப் பிரிக்கிறார்களா? அரசு மையங்களில் இருப்பது ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச்.
* மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். சுற்றியுள்ள வட்டத்தைவிட சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது.
* எம்.ஆர். மருந்தைக் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எப்போது கரைத்தது என்று தாராளமாகக் கேளுங்கள். நர்ஸ் அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். சந்தேகம் இருந்தால், 104 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

குரூப்பில் ஃபார்வேர்டு வந்தால்?

சித்தியோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவரும் குழந்தை மேல் இருக்கும் அக்கறையில்தான் அனுப்பினார். நான் குரூப்பில் மூன்றே கேள்விதான் கேட்டேன். பேசுறது யார் சித்தி? எப்போ பேசினது? ‘எல்லாருக்கும் அனுப்புங்க’னு சொல்றவர், ‘டாக்டர்கிட்ட கேளுங்க’னு ஏன் சொல்லல? பத்து நிமிஷம் கழித்து, ‘எனக்கு என் ஃப்ரெண்டு அனுப்பினா. சரி, நாளைக்கு நர்ஸம்மாகிட்ட நல்லா கேட்டுட்டுப் போடச் சொல்லு’ என்று பதில் வந்தது.

அக்கா மறுநாள் காலையில் போனாள். கேள்விகளை போனில் டைப் செய்து எடுத்துப் போயிருந்தாள். ஊசி போட்டு, அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாப்பாவின் போட்டோவை குரூப்பில் போட்டாள். அழுது முடித்து, அட்டையின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தது.

எட்டாவது நாள் ராத்திரி மறுபடி போன். “லேசா உடம்பு சுடுதுடி. நீ சொன்ன மாதிரியே ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கு. வெயிட் பார்த்து சொட்டு மருந்து கொடுத்துட்டேன். பால் குடிச்சிட்டுத் தூங்குறா.”

ரெண்டாவது நாள் காய்ச்சல் இல்லை. அடுத்த எம்.ஆர். டோஸ் பதினாறாம் மாசம். அந்தத் தேதியை அக்கா காலண்டரில் ரிமைண்டர் போட்டு வைத்துவிட்டாள். உங்கள் வீட்டு அட்டையில் அடுத்த தேதி என்ன என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.